குழந்தைகள் நலப் பணியாளர்களுக்கு இரண்டு நாள் ஆய்வுப் பயிலரங்கு: நடத்துவது எப்படி

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் இருப்பவர்கள், குழந்தைகள் இல்லக் கண்காணிப்பாளர்கள், ஆற்றுப்படுத்துநர்கள் (கவுன்சலர்கள்), தொண்டு நிறுவனக் களப்பணியாளர்கள் ஆகியோருக்கு ஆய்வுப் பயிற்சி என்று அறிவித்தால் பாதிப்பேர் முகம் சுளிப்பார்கள். ‘ஆய்வு’ என்றதும் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) இரண்டாம் ஆண்டில் அவசர அவசரமாக பைண்டிங் பண்ணிக் கொடுத்த புத்தகம்தான் ஞாபகத்துக்கு வரும். மேடையில் ஏறிய பேராசிரியரும் கருதுகோள், மாதிரி எடுத்தல், கை வர்க்கச் சோதனை (கை-ஸ்கொயர்) என்று அதே பாடத்தைத் தொடங்கினால், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலிகள் காலியாகிவிடும்.

வந்திருப்பவர்களின் பீரோவில் ஏற்கெனவே நூற்றுக்கணக்கான கோப்புகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் படிவம் 22-இல் எழுதிய சமூக விசாரணை அறிக்கை, படிவம் 7-இல் எழுதிய தனிநபர் பராமரிப்புத் திட்டம், குழந்தைகள் நலக் குழுவின் ஆணைகள் எல்லாம் கிடக்கின்றன. அந்தக் கோப்பை நம்பலாமா, எந்த அளவுக்கு நம்பலாம், அதை எண்ணினால் என்ன தெரியும், என்ன தெரியாது என்பதை மட்டும் இரண்டு நாளில் கற்றுக்கொடுத்தால் போதும். மற்றதையெல்லாம் இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளலாம்.

எத்தனை பேர், என்ன இடம்

24 பேருக்கு மேல் வேண்டாம். நான்கு பேர் உட்காரும் ஆறு மேசைகள் போடுங்கள். ஒரே அலுவலகத்தில் இருந்து வருபவர்களைப் பிரித்து உட்காரவையுங்கள். அதிகாரியும் அவருக்குக் கீழே வேலை பார்ப்பவரும் ஒரே மேசையில் இருந்தால், கீழே இருப்பவர் வாய் திறக்க மாட்டார். நடத்துவதற்கு இருவர் வேண்டும். அவர்களைத் தவிர ஓர் ஆற்றுப்படுத்துநர் இரண்டு நாளும் அறையின் பின்வரிசையில் இருக்க வேண்டும். குழந்தைகள் மீதான வன்முறையைப் பற்றிப் பேசும்போது, கேட்பவர்களில் சிலருக்குத் தங்கள் சொந்தக் குழந்தைப்பருவம் நினைவுக்கு வரும். “யார் வேண்டுமானாலும், யாரிடமும் கேட்காமல் எழுந்து வெளியே போகலாம்” என்று முதல் ஐந்து நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள்.

குத்துவிளக்கு, பொன்னாடை, வாழ்த்துரை என்று தொடங்கினால் பதினொன்றரை மணிவரை போய்விடும். அதை முழுசாகத் தவிர்க்க முடியாது என்றால் முதல் நாள் மாலை நான்கரைக்கு மாற்றிவையுங்கள். அழைக்கப்பட்டவர்களும் பயிற்சியின் நடுவே வந்து பார்ப்பார்கள். வெளியூரில் இருந்து வரும் பெண்கள் பலருக்கு ஐந்தேகால் பஸ்ஸை விட்டால் அடுத்தது இருக்காது. எனவே ஐந்து மணி என்றால் ஐந்து மணிக்கே முடித்துவிட வேண்டும்.

பயிற்சிக் கோப்புகள்: மூன்று வாரத்துக்கு முன்பே தயாரிக்க வேண்டியவை

உண்மைக் கோப்பு ஒன்றுகூட அறைக்குள் வரக்கூடாது. இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 74-ஆம் பிரிவு, விசாரணைக்கு உள்ளான குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி என்று அடையாளம் காட்டக்கூடிய எதையும் வெளியிடுவதைத் தடுக்கிறது. மீறினால் ஆறு மாதம்வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய்வரை அபராதம் அல்லது இரண்டும். பெயரை மையால் அழித்து நகலெடுத்தால் ஆயிற்று என்று பலர் நினைக்கிறார்கள். 14 வயதுப் பெண், இன்ன ஊராட்சி, தந்தை ரயிலில் அடிபட்டு இறந்தார் என்று மூன்று வரி இருந்தாலே அந்த ஒன்றியத்தைச் சேர்ந்தவருக்கு யாரென்று தெரிந்துவிடும்.

எனவே 30 கற்பனைக் கோப்புகளை நீங்களே எழுதுங்கள், ஒவ்வொன்றும் இரண்டு பக்கம். ஒரு குழந்தையின் கதையை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றுவது போதாது. நான்கைந்து சம்பவங்களைக் கலந்து, ஊரையும் குடும்ப அமைப்பையும் மாற்றி எழுதிய பின், வேறு மாவட்டத்துச் சமூகப் பணியாளர் ஒருவரிடம் கொடுத்து, “இதில் யாரையாவது உங்களுக்குத் தெரிகிறதா?” என்று கேளுங்கள். இரண்டு பேருக்கு ஒரு கட்டு என்று வைத்தால் 12 கட்டு. இருபுறமும் அச்சடித்தால் 360 தாள். ஒவ்வொரு கட்டுக்கும் எண் போட்டு, மாலையில் எண்ணி வாங்கிக்கொள்ளுங்கள். கற்பனைத் தாள்தான் என்றாலும் எண்ணி வாங்குகிற பழக்கத்தை அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும்.

கோப்புகளில் வேண்டுமென்றே கோணலை வையுங்கள். முதல் பக்கத்தில் வயது 11 என்று இருக்கட்டும், இரண்டாம் பக்கத்துப் பிறந்த தேதியைக் கணக்குப் பார்த்தால் 13 வரட்டும். ஏழெட்டுப் பேருக்கு ஜூன் 1 பிறந்த நாளாக இருக்கட்டும். பள்ளியில் சேர்ப்பதற்காகப் போட்ட தேதி எத்தனை கோப்பில் உண்மை வயதாக நடமாடுகிறது என்பது உடனே பிடிபடும்.

முதல் நாள் காலை: கேள்வியைச் சிறிதாக்குதல்

ஒவ்வொருவரும் தன் வேலையில் தன்னை அரித்துக்கொண்டிருக்கும் ஒரு கேள்வியை அட்டையில் எழுத வேண்டும். “குழந்தைகள் ஏன் இல்லத்துக்குத் திரும்பத் திரும்ப வருகிறார்கள்?” என்கிற மாதிரிதான் வரும். நல்ல கேள்விதான், ஆனால் இந்த உருவில் பதில் சொல்ல முடியாதது. யார், எந்தக் காலம், எதை எண்ணினால் தெரியும் என்று மூன்று தடவை கேட்டால் அதே கேள்வி இப்படி மாறும்: “2022 ஏப்ரல் முதல் 2023 மார்ச் வரை எங்கள் இல்லத்தில் இருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்ட குழந்தைகளில் எத்தனை பேர் ஆறு மாதத்துக்குள் மறுபடியும் குழுவின் முன் நிறுத்தப்பட்டார்கள்?” இதற்குப் பதிவேடு போதும், நிதி வேண்டாம், ஒரு மாதத்தில் முடியும்.

‘ஏன்’ என்பதைப் பிறகு தொடலாம். ‘எத்தனை’ தெரியாமல் ‘ஏன்’ என்று கேட்பவர்கள், பெரும்பாலும் தங்களுக்கு முன்பே தெரிந்த காரணத்தையே கண்டுபிடித்துவிட்டு வருகிறார்கள். இதற்கு 75 நிமிடம் கொடுங்கள், அதற்கு மேல் போனால் விவாதம் அரசியலாகிவிடும்.

ஒரே கோப்பு, இரண்டு பேர்

இதுதான் பயிலரங்கின் முதுகெலும்பு. தேநீர் முடிந்ததும் முதல் 20 கோப்புகளை இணை இணையாகக் கொடுங்கள். ஒருவர் 1-இல் இருந்து மேலே போகட்டும், மற்றவர் 20-இல் இருந்து கீழே வரட்டும். ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்கக்கூடாது. கோப்புக்கு மூன்று நிமிடம் என்று ஒரு மணி நேரம். எழுத வேண்டியது ஒன்றே ஒன்று: இந்தக் குழந்தை இல்லத்துக்கு வந்ததற்கு முதன்மைக் காரணம் வறுமையா, புறக்கணிப்பா?

கோப்பில் இப்படி இருக்கும்: “குழந்தையின் தந்தை இல்லை. தாயார் கட்டட வேலைக்குச் செல்கிறார். வீட்டில் கவனிப்பார் இல்லாததால் படிப்பு நின்றது. பாட்டியின் வேண்டுகோளின்படி இல்லத்தில் சேர்க்கப்பட்டது.”

நான்கு வாக்கியத்தில் எத்தனை ஓட்டை! ‘தந்தை இல்லை’ என்றால் இறந்துவிட்டாரா, விட்டுவிட்டுப் போய்விட்டாரா, திருப்பூருக்கோ கேரளாவுக்கோ வேலைக்குப் போயிருக்கிறாரா? நம் ஊரில் மூன்றுக்கும் அதே சொல்தான். பாட்டி வேண்டுகோள் விடுக்கும் அளவுக்குப் பக்கத்தில் இருக்கிறார் என்றால், ‘கவனிப்பார் இல்லை’ என்பது எப்படிச் சரி? படிப்பு நின்றது கவனிப்பு இல்லாததாலா, பாட்டி வீட்டில் இருந்து பள்ளி தூரம் என்பதாலா? எழுதியவர் கேட்டிருப்பார், ஆனால் தாளில் இல்லை.

ஒரு மணி நேரம் முடிந்ததும் ஒரு இணையின் விடைகளைப் பலகையில் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். உதாரணத்துக்கு, இருவரும் ‘வறுமை’ என்றது 9 கோப்பு, இருவரும் ‘புறக்கணிப்பு’ என்றது 5. முதலாமவர் வறுமை, இரண்டாமவர் புறக்கணிப்பு என்றது 4. அதற்கு நேர்மாறாக 2. ஒத்துப்போனது 20-க்கு 14, அதாவது 70 சதவீதம். பரவாயில்லையே என்று அறையில் ஒரு நிம்மதி பரவும்.

அங்கேதான் நிறுத்த வேண்டும். காசு சுண்டிப் போட்டு எழுதினாலும் சில கோப்புகளில் இருவர் விடையும் ஒன்றாகத்தானே வரும்? முதலாமவர் மொத்தம் 13 தடவை வறுமை என்றார், இரண்டாமவர் 11 தடவை. தற்செயலாகவே ஒத்துப்போக வாய்ப்புள்ள பங்கு: 13×11 = 143, 7×9 = 63, கூட்டினால் 206. அதை 400-ஆல் வகுத்தால் 0.515. உண்மையில் ஒத்துப்போனது 0.70. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 0.185. அதை 1 − 0.515 = 0.485-ஆல் வகுத்தால் 0.38. இதற்குக் கப்பா என்று பெயர். கப்பா 0.6-க்குக் கீழே இருக்கிற பத்தியை (அட்டவணையின் ஒரு நெடுவரிசையை) வைத்து முடிவு சொல்வதைப் பலரும் தவிர்ப்பார்கள், 0.38 என்றால் யார் எழுதினார் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது என்று பொருள். “நம் மாவட்டத்தில் 60 சதவீதம் பேர் வறுமையால் வருகிறார்கள்” என்று ஆண்டறிக்கையில் போடுகிற வரி எதன் மேல் நிற்கிறது என்பது அப்போதுதான் உறைக்கும்.

இதைச் சரிசெய்ய மேசைக்கு மேசை விதி எழுதச் சொல்லுங்கள். ‘முதன்மைக் காரணம்’ என்ற ஒற்றைப் பத்தியையே தூக்கிவிட்டு, வறுமை, தந்தை இறப்பு, தந்தை பிரிவு, குடி, பள்ளி இடைநிற்றல், உடல்ரீதியான வன்முறை என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பத்தி வைத்து, கோப்பில் சான்று இருந்தால் 1, இல்லையென்று தெளிவாக எழுதியிருந்தால் 0, எதுவுமே எழுதாவிட்டால் 9 என்று போடுவது மேல். 0-க்கும் 9-க்கும் உள்ள வித்தியாசத்தை அழுத்திச் சொல்லுங்கள். ‘வன்முறை இல்லை’ என்பதும் ‘வன்முறை பற்றிக் கேட்கவே இல்லை’ என்பதும் எக்செல் தாளில் வெற்றுக் கட்டமாக ஒரே மாதிரி தெரியும்; பெரும்பாலான தவறான அறிக்கைகள் அந்த வெற்றுக் கட்டத்தில்தான் பிறக்கின்றன. மீதமுள்ள 10 கோப்புகளை இரண்டாம் நாள் கடைசியில், புது விதிகளோடு ஓட்டிப் பார்க்கத் தனியாக எடுத்துவையுங்கள்.

மதியம்: மொச்சையும் புளியங்கொட்டையும்

சாப்பிட்டபின் ஸ்லைடு போட்டால் தூங்கிவிடுவார்கள். மேசைக்கு ஒரு கிண்ணம், 24 புளியங்கொட்டை, 4 மொச்சை, ஒரு நோட்டு கொடுங்கள். கிண்ணம்தான் இல்லம். ஒரு சுற்று என்பது ஒரு மாதம். ஒவ்வொரு மாதமும் ஒரு புளியங்கொட்டையை உள்ளே போட்டு, போன மாதம் போட்டதை வெளியே எடுக்க வேண்டும்: ஒரே மாதத்தில் வீடு திரும்பும் குழந்தை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஒரு மொச்சையைப் போட வேண்டும், அதை எடுக்கக் கூடாது: வருஷக்கணக்கில் தங்கிவிடும் குழந்தை. ஒருவர் நோட்டில் வரவு எழுதிக்கொண்டே வரட்டும்.

24 சுற்று முடிந்ததும் கிண்ணத்தைப் பாருங்கள் என்று சொல்லுங்கள். நான்கு மொச்சை, ஒரு புளியங்கொட்டை. ‘இல்லத்தில் இருப்பவர்களில் 80 சதவீதம் பேர் நீண்டகாலம் தங்குபவர்கள்.’ இப்போது நோட்டைப் பாருங்கள்: வந்தவர்கள் 28, அதில் 24 பேர் குறுகிய காலம், 86 சதவீதம். இரண்டு எண்ணுமே சரி. கேள்விதான் வேறு வேறு. ஒரு நாள் போய் இல்லத்தில் இருப்பவர்களை எண்ணி, “இங்கே வருகிற குழந்தைகள் திரும்பிப் போவதே இல்லை” என்று எழுதும் ஆய்வுகள் செய்யும் தவறு இதுதான். எத்தனை படுக்கை, எத்தனை ஆசிரியர் வேண்டும் என்று திட்டமிட ஒருநாள் கணக்கு உதவும். வருகிற குழந்தைக்கு என்ன நடக்கிறது என்று அறிய, ஒரு குறிப்பிட்ட காலத்தில் நுழைந்தவர்களை முதலில் இருந்து கடைசிவரை பின்தொடர வேண்டும்.

மீதி நேரத்தில் எக்செல். ஒரு குழந்தை மூன்று தடவை வந்தால் மூன்று வரியா, ஒரு வரியா என்பதை முதலிலேயே முடிவு செய்யச் சொல்லுங்கள். 03/04/2023 என்று அடித்தால் சில கணினிகள் மார்ச் 4 என்று எடுத்துக்கொள்ளும். அதனால் நாள், மாதம், ஆண்டு மூன்றையும் தனித்தனிப் பத்தியில் வைப்பது பாதுகாப்பு. ‘தாய் மட்டும்’, ‘சிங்கிள் பேரண்ட்’, ‘அம்மா மட்டும்’ என்று மூன்று விதமாக அடித்தால் கணினிக்கு அது மூன்று வகை. கீழ்விரி பட்டியல் போட்டுவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

இரண்டாம் நாள் காலை: குழந்தையிடம் கேட்பது

பதிவேட்டில் பதில் இல்லாத கேள்விகளுக்குத்தான் குழந்தையிடம் போக வேண்டும் என்ற வரிசையை மாற்றாதீர்கள். பதில் கோப்பிலேயே இருக்கும்போது அந்தக் குழந்தையை மறுபடியும் அதைச் சொல்லவைப்பது அநியாயம். அப்படியே போவதானால் துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இரண்டும் கையில் வந்த பிறகுதான்.

சம்மதம் என்பதைப் படிவமாக மட்டும் பார்ப்பதே இங்கே பெரிய சிக்கல். ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி 7 முதல் 12 வயது வரை வாய்மொழி இசைவும், 12 முதல் 18 வரை எழுத்து இசைவும், அதோடு பெற்றோர் அல்லது காப்பாளரின் சம்மதமும் வேண்டும். இல்லத்தில் கண்காணிப்பாளர் அழைத்துவந்து உட்காரவைத்த குழந்தை ‘மாட்டேன்’ என்று சொல்லுமா? ஆகவே மறுப்பதற்கு வழி செய்துகொடுக்க வேண்டும். சிவப்பு அட்டை ஒன்றைக் குழந்தையின் கையில் கொடுத்து, அதைத் தூக்கினால் பேச்சு நிற்கும் என்று சொல்லி, ‘உனக்குப் பிடிச்ச சாப்பாடு என்ன?’ போன்ற கேள்வியில் ஒரு தடவை தூக்கவைத்துப் பழக்குங்கள். அட்டையைத் தூக்காமலே, கேட்டதற்கெல்லாம் ‘ம்’ என்று தலையாட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்திருக்கும் குழந்தையும் மறுக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

ரகசியம் பற்றிய வாக்குறுதியில்தான் அனுபவசாலிகளும் சறுக்குகிறார்கள். “நீ சொல்றதை யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்று சொல்லக்கூடாது. குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டம் 2012-இன் 19-ஆம் பிரிவின்படி, அப்படியொரு குற்றம் நடந்தது தெரிந்தாலோ நடக்கப்போகிறது என்ற அச்சம் இருந்தாலோ சிறப்புச் சிறார் காவல் பிரிவிலோ உள்ளூர்க் காவல் நிலையத்திலோ தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காமல் இருப்பதே 21-ஆம் பிரிவில் குற்றம். ஆய்வாளர் என்பதால் விலக்கு கிடையாது. சொல்ல வேண்டியது இப்படி இருக்கட்டும்:

“நீ சொல்றதை நான் உன் பேரோட எங்கயும் எழுத மாட்டேன். ஆனா யாராவது உன்னை அடிக்கிறாங்க, தப்பா நடந்துக்கறாங்கன்னு தெரிஞ்சா, உன்னைப் பாதுகாக்கறவங்ககிட்ட நான் சொல்லித்தான் ஆகணும். அப்படிச் சொல்றதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லிட்டுத்தான் போவேன்.”

இதை எல்லோரும் வாய்விட்டு இரண்டு தடவை சொல்லிப் பார்க்க வேண்டும். படிக்கும்போது எளிதாக இருக்கும். எதிரே ஒருவர் பத்து வயதுக் குழந்தையாக உட்கார்ந்தால் நாக்கு புரளும்.

கேள்விகளின் வார்த்தையையும் இணை இணையாகச் சோதியுங்கள். “வீட்ல உன்னை நல்லா பாத்துக்கறாங்களா?” என்ற கேள்விக்கு ‘ஆமா’ தவிர வேறு பதில் வராது. “நேத்து காலைல எழுந்ததுலேர்ந்து ராத்திரி படுக்கற வரைக்கும் என்னென்ன நடந்துச்சு, சொல்லு” என்று கேட்டால் யார் சோறு போட்டார், யார் பள்ளிக்கு அனுப்பினார் என்பது தானாக வரும். ‘ஏன்’ என்று தொடங்கும் கேள்வி குழந்தைக்கு அதட்டலாகக் கேட்கும், “என்ன ஆச்சு?” என்று மாற்றுங்கள். மொழிபெயர்த்த வினாத்தாளில் ‘புறக்கணிக்கப்பட்டதாக உணர்ந்தாயா’ என்று இருந்தால் பெரியவர்களுக்கே புரியாது. ‘யாரும் உன்னைச் சேத்துக்கலையா’ என்று ஐந்து குழந்தைகளிடம் முன்னோட்டம் பார்த்து, அவர்கள் என்ன அர்த்தத்தில் புரிந்துகொண்டார்கள் என்று கேட்ட பிறகுதான் பயன்படுத்த வேண்டும்.

இந்த அமர்வில் பங்கேற்பாளர் ஒருவர், இதுவரை புகாராகாத ஓர் உண்மைச் சம்பவத்தைச் சொல்லிவிடக்கூடும். அதைக் கேட்ட நிமிடத்தில் இருந்து உங்களுக்கும் அதே கடமை. அவரைத் தனியே அழைத்துப்போய், அன்றே புகார் போகிறதா என்று உறுதிசெய்யுங்கள். குழந்தைக்கு உடனடி ஆபத்து என்றால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அங்கேயே அழையுங்கள்.

வெளியிடும் முன்

ஊரை ஒன்றியமாக, பிறந்த தேதியை வயதுத் தொகுதியாக, சேர்ந்த நாளை மாதமாக மாற்றுங்கள். குறியீட்டு எண்ணையும் பெயரையும் இணைக்கும் பட்டியல், தரவு இருக்கும் கணினியில் இருக்கக்கூடாது. அட்டவணையில் ஐந்துக்குக் குறைவான எண் வந்தால் ‘5-க்குக் கீழ்’ என்று போடுங்கள். அதில் ஒரு பொறி உண்டு: மொத்தம் 40 என்றும் மற்ற மூன்று வகைகள் 20, 11, 6 என்றும் அச்சிட்டால், மறைத்த எண் 3 என்று கழித்துப் பார்க்கும் யாருக்கும் தெரியும். இன்னொரு கட்டத்தையும் மறைக்க வேண்டும், அல்லது இரண்டு வகைகளைச் சேர்த்துவிட வேண்டும்.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்துவிட்டு, படிவத்தை ஃபோனில் படம் எடுத்து வாட்ஸ்ஆப் குழுவில் ‘ப்ளீஸ் வெரிஃபை’ என்று போடுபவர்கள் இருக்கிறார்கள். கசிவுகளில் பெரிய கசிவு இதுதான். இரண்டு நாளும் ஃபோன்கள் கூடைக்குள் போகட்டும்.

கடைசி இரண்டு மணி நேரமும் அதற்குப் பிறகும்

10 கோப்புகளை மறுபடி இணையாக ஓட்டி, ஒவ்வொரு பத்திக்கும் கப்பா போடுங்கள். ‘பயிற்சி மிகச் சிறப்பாக இருந்தது’ என்று வட்டம் போடும் கருத்துப் படிவத்தைவிட இந்த எண் உண்மையைச் சொல்லும். ஏறாத பத்தி எது, அதற்கான விதி எங்கே இடறுகிறது என்பதை அன்றே குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஒவ்வொருவரும் ஒரு பக்கத் திட்டம் எழுத வேண்டும்: கேள்வி, எந்தப் பதிவேடு, எத்தனை வரி, என்னென்ன பத்தி (12-ஐத் தாண்ட வேண்டாம்), யாரிடம் அனுமதி, முடிவை யார் படித்து எதை மாற்றப் போகிறார்கள். கடைசிக் கட்டம் காலியாக இருந்தால் அந்தத் திட்டத்தைத் திருப்பிக் கொடுங்கள். இல்லத்தில் இருந்து வீடு திரும்பியபின் மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகை பெறும் குழந்தைகள் பள்ளியில் தொடர்கிறார்களா என்று ஒருவர் பார்க்கிறார் என்றால், அந்த முடிவைப் படித்து எதையாவது மாற்றக்கூடிய அலுவலரின் பதவிப்பெயர் அங்கே இருக்க வேண்டும்.

முப்பதாம் நாள் அழைத்து, பெயரில்லாத முதல் 20 வரிகளை மட்டும் கேளுங்கள். பாதிப்பேர் தொடங்கியிருக்க மாட்டார்கள். ஆர்வக்குறைவு அல்ல, மேலதிகாரி நேரம் ஒதுக்கவில்லை. அதனால் அழைப்பிதழ் அனுப்பும்போதே, வாரத்துக்கு இரண்டு மணி நேரம் இந்த வேலைக்கு என்று அலுவலகத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தொண்ணூறாம் நாள் அரைநாள் கூடுகை. அதற்கு வரும்போது ஒவ்வொருவரும் தங்கள் தாளில் 9 என்று குறித்த கட்டங்கள் எத்தனை என்று எண்ணிக்கொண்டு வர வேண்டும். எந்தப் பத்தியில் 9 அதிகமோ, அந்தக் கேள்வியை அடுத்த சமூக விசாரணை அறிக்கையில் எப்படிக் கேட்பது என்பதே அன்றைய முதல் அமர்வு.